கட்டிலுக்கு அடியில் ஒரு தீபாவளி

ஊரணிப்பட்டியில் பட்டாசுக்குப் பயந்த மனிதர் என்று ஒருவரும் கிடையாது. பயப்படவும் முடியாது; ஏனென்றால் ஊரில் பாதிப்பேர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கித் திரி செருகித் தாள் சுற்றிச் சம்பளம் வாங்குகிறவர்கள், மீதிப்பேர் அந்தப் பாதிப்பேருக்கு டீயும் பரோட்டாவும் ஜாக்கெட் துணியும் விற்றுப் பிழைக்கிறவர்கள், ஆக எந்த வீட்டு அடுப்பில் உலை கொதித்தாலும் அது வெடியால் கொதிக்கிற உலைதான் என்றிருக்கும்போது, சோறு போடுகிற சாமானைப் பார்த்துக் காதைப் பொத்துவதாவது? அப்படிப் பொத்துகிற பிள்ளையின் கையை அம்மாக்கள் தட்டிவிடுவார்கள். ஊரில் பயந்ததெல்லாம் நாயும் பூனையும் ஆடும் கோழியும்தான். அவற்றுக்கு ரேஷன் கார்டு கிடையாது என்பதால் அவற்றின் பயத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பயமில்லாத அந்த ஊரிலும், இவரைப் பார் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர் போர்மேன் கனகவேல். அணுகுண்டைக் கையில் வைத்துப் பற்றவைத்து, திரி சீறி முடிகிறவரைக்கும் பக்கத்தில் நிற்பவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி நொடியில் வீசுகிற ஆள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் ஊரணிப்பட்டியில் ஒருவரும் வாசல் பெருக்குவதில்லை. எந்த வாசலில் வெடிக் குப்பை எத்தனை உயரத்துக்குக் கிடக்கிறது என்று எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பார்த்து முடிக்கிறவரைக்கும் விளக்குமாறு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது வழக்கம். குப்பை போதாத வீட்டுக்காரர்கள் விடியுமுன்னே பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சாக்கில் அள்ளிவந்து தங்கள் வாசலில் தூவுவதும் உண்டு, அந்தத் தெருக்காரர்கள் இங்கே வந்து அள்ளுவதும் உண்டு, நடுவழியில் இரண்டு சாக்குகள் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் போய்விடுவார்கள். கனகவேல் சாக்கு எடுத்ததே கிடையாது. மொட்டைமாடியிலிருந்து வாசல்வரைக்கும் பத்தாயிரம் சரத்தைத் தொங்கவிட்டு அவர் கொளுத்தினால் மறுநாள் கதவைத் திறக்கவே குப்பையைத் தள்ள வேண்டியிருக்கும். அவருக்குக் கொஞ்சமாவது போட்டி என்றால் அது எதிர்வீட்டுப் பட்டாசுக்கடைத் தங்கப்பாண்டி அண்ணாச்சி மட்டும்தான்.

போன தீபாவளிக்கு அந்தப் பத்தாயிரம் வெடித்துக்கொண்டிருந்தபோதுதான் மிளகு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மிளகு என்பது அவர் வீட்டு நாய். கறுப்பு, சிறியது, காரம் மட்டும் கிடையாது. கனகவேலின் மனைவி சந்தனமாரி பஸ் ஸ்டாண்டு, ரைஸ்மில், சுடுகாடு, சாத்தூர் ரோட்டு ஓட்டல்கள் என்று ஒன்று விடாமல் தேடினாள். கார்த்திகை பிறந்து ஒரு நாள் அதுவாகவே வந்து சேர்ந்தது, பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல். அதுவரைக்கும் அழாதவள் அன்றைக்கு அதை மடியில் போட்டுக்கொண்டு அழுத அழுகையில் பால்காரர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, பால் ஊற்றாமல் திரும்பிப் போனார்.

இந்த ஐப்பசி பிறந்ததுமே அவள் கனகவேலிடம் நேராகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை மிளகு ஓடுனா நானும் அது பின்னாலயே போயிருவேன். ரெண்டு பேரையும் சேத்துத் தேடிக்கோங்க."

கனகவேல் சிரித்தார். ஆனால் சந்தனமாரி சொல்வதற்காகச் சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். சிரித்து முடித்தபிறகு மிளகின் கயிற்றை எடுத்து, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அவள் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் அருள்மொழியைப் பார்த்தாள். அந்தம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாள். வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய்விட்டு வந்து, பொழுது சாய்வதற்குள் சோறு வைத்துவிட வேண்டும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதிக் கட்ட வேண்டும். ஜன்னலைச் சாத்திக் கனமான போர்வையைத் தொங்கவிட வேண்டும். ரேடியோவைச் சன்னமாகப் பாடவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒளிந்துகொள்ள அதற்கென்று ஓர் இடம் கொடுத்துவிட்டு, அங்கிருந்து அதை இழுக்கவோ அதட்டவோ கூடாது. சந்தனமாரி கட்டிலுக்கு அடியை ஒழித்தாள். அங்கே கிடந்த தகரப்பெட்டி, சீர்வரிசை அண்டா, உடைந்த டேபிள் ஃபேன், கனகவேலின் பழைய மீட்டிங் பேனர்கள் எல்லாம் வெளியே வந்தன. ஈரத்துணியால் துடைத்து, தன்னுடைய பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் தெருமுனையில் முதல் வெடி வெடித்ததும் மிளகு வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்து, சேலையைத் தாண்டி, சுவர் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நொண்டி நொண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சந்தனமாரி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். தூரத்தில் உளுந்தளவுக்குத் தெரிந்தது. அங்கே போய் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் சாமானை அடைத்து வைத்திருந்ததால்தான் இவ்வளவு இடம் இருப்பது தெரியாமல் போயிற்று என்று அவள் சொல்லிக்கொண்டு, ரேடியோவை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள்.

பக்கத்துவீட்டுச் செல்லக்கனியின் ஆடு அவிழ்த்துக்கொண்டு வந்து அடுத்ததாகப் புகுந்தது. ஆட்டைத் தேடிக்கொண்டு செல்லக்கனி வந்தாள். அவள் குனிந்து எட்டிப் பார்த்த நேரம் தெருவில் இன்னொரு வெடி வெடிக்க, அவளும் உள்ளே இருந்தாள். அரைமணி கழித்து வெளியே வந்தவள், உள்ளே காற்றோட்டமாக இருக்கிறது, வெளிச்சம் ஜன்னல் சாத்திய மத்தியானம்போல இருக்கிறது, சத்தம் மட்டும் துளிக்கூட வரவில்லை என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். ஊரணிப்பட்டியில் குழாயடியில் ஒன்றைச் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரிதான். பொழுது சாய்வதற்குள் பூனைகள் வந்தன, கோழிகள் குஞ்சுகளோடு வந்தன, கோயில் கிளி கூண்டோடு வந்தது, பால்காரரின் பசு வந்தது. பசு எப்படிக் கட்டிலுக்கு அடியில் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கட்டில் கால்களுக்கு இரண்டு இரண்டு செங்கல் வைத்தார்கள், அது முன்னங்காலை மடக்கி, கொம்பைச் சாய்த்து, பாலத்துக்கு அடியில் லாரி போவதுபோல நிதானமாகப் போயிற்று.

கனகவேல் ஆலையிலிருந்து வந்தபோது அதன் வால் மட்டும்தான் வெளியே இருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார். நெற்றி சுவரில் மோதியது. சுவர் முன்னைப்போலவே முழங்கைத் தூரத்தில் இருந்தது, அதில் ஒட்டடை இருந்தது, மூலையில் போன வருஷம் காணாமல்போன அவருடைய சீப்பும் இருந்தது. அந்தச் சுவருக்கு உள்ளேயிருந்து ரேடியோ பாடுவதும் ஆடு அசைபோடுவதும் காதில் கேட்டன. பயப்படுகிறவர்களுக்குத்தான் அது வழிவிடுகிறது என்பதை ஊர் அன்றிரவே கண்டுபிடித்துவிட்டது, ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சொல்லிவிட்டு எப்படிப் போவது? போர்மேன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போனால் பயந்தவன் என்றாகிவிடும். போகாவிட்டால் வெளியே வெடிச்சத்தத்தில் கிடந்து சாக வேண்டும். அதற்கு ஊரணிப்பட்டிக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். எல்லோரும் கையில் ஒரு பிராணியோடு வந்தார்கள். எனக்கென்ன, இந்தக் கோழிதான் பயப்படுகிறது, துணைக்குக் கூடப் போகிறேன் என்றார்கள். ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள், சொல்லும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கோழியின் முகத்தைப் பார்த்தார்கள். பிராணி இல்லாத வீடுகளுக்காகச் சந்தையில் கலர்க்குஞ்சு விற்பவர் காட்டில் மழை பெய்தது. கவுன்சிலர் முயல் வாங்கினார். தையற்கடைக்காரர் மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்; மீனுக்கு எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, தண்ணீர் அதிருதில்ல என்றார். கடைசியில் தங்கப்பாண்டி அண்ணாச்சியே வந்தார். ஊருக்கெல்லாம் வெடி விற்கிற அண்ணாச்சி, கனகவேலுக்கு இணையாகச் சரம் தொங்கவிடுகிற அண்ணாச்சி, துண்டில் பொதிந்து ஒரே ஒரு முட்டையைக் கொண்டுவந்திருந்தார்.

"உள்ள இருக்கிற குஞ்சு அலறுது தம்பி" என்று கனகவேலிடம் சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய உடம்பு, எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

தீபாவளி காலையில் ஊர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, இட்லியும் கறிக்குழம்பும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குடியேறிவிட்டது. டீக்கடைக்காரர் பாய்லரை உள்ளேயே வைத்தார். ஒரு பெண்பார்க்கும் சடங்கு உள்ளே நடந்து, தாம்பூலமும் மாற்றியாயிற்று. பூனைகள் கோழிக்குஞ்சுகளுக்கு நடுவே படுத்துத் தூங்கின. முதலில் எல்லோரும் பிராணிகளைத்தான் தடவிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிறகு செல்லக்கனிதான் ஆரம்பித்திருக்கிறாள், திரி செருகுகிற ஒவ்வொரு நாளும் காலையில் வீட்டுப் படியைத் தாண்டும்போது திரும்பி ஒருதடவை பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன் என்று. அதன்பிறகு மடை திறந்துகொண்டது. ஊரணிப்பட்டி ஆயிற்றே, அதிலும் போட்டி வந்துவிட்டது; உன் பயமெல்லாம் ஒரு பயமா, நான் புஸ்வாணத்துக்கே ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன் என்று அண்ணாச்சி சொல்ல, தையற்கடைக்காரர் அதற்கும் மேலே ஒன்று சொல்ல, சிரிப்பும் பேச்சுமாகச் சுவருக்குள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது.

இத்தனையையும் கனகவேல் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். புதுவேட்டி அழுக்காகிவிட்டது. சந்தனமாரி முந்தின இரவு தூங்க மட்டும் வெளியே வந்தவள், அன்றைக்கு விடிகாலையிலேயே உள்ளே போனதுதான், வரவில்லை. அவருக்குச் சாப்பாடு மட்டும் வேளாவேளைக்குச் சுவருக்குள்ளிருந்து தட்டில் வெளியே வந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. பூனை ஒன்றைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புகுந்து பார்த்தார். பூனை போய்விட்டது, அவர் நெற்றி மோதியது. கண்ணை மூடிக்கொண்டு புகுந்தார். பின்பக்கமாகப் புகுந்தார். பயப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டும் புகுந்தார். நெற்றியில் வீங்காத இடம் இல்லை.

சாயங்காலம் அவர் சுவரைத் தட்டி, "சந்தனம், விளக்கேத்துற நேரமாச்சு, வா வெளிய" என்றார்.

"மிளகு இன்னும் நடுங்கிக்கிட்டுத்தான் இருக்கு. சத்தம் கேக்காத எடத்துலயும் நெனச்சு நெனச்சு நடுங்குது. விட்டுட்டு எப்படி வாரது?"

"அப்ப என்னைய உள்ள கூப்பிடு."

"நான் எங்க வேண்டாம்னேன்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "உங்களுக்குப் பயம் வந்தா வாங்க."

"எனக்கு எதுக்கு வரணும் பயம்?"

"அப்ப அது சுவருதாங்க" என்றாள், யாரோ நீட்டிய முறுக்கைக் கடித்துக்கொண்டு.

கனகவேல் எழுந்தார். ரோஷம் வந்துவிட்டது. ஊரே ஓடி ஒளிந்தால் என்ன, பத்தாயிரம் சரத்தைக் கொளுத்தினால் அந்தச் சத்தம் எந்தச் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும், எல்லாரும் பதறியடித்துக்கொண்டு வெளியே வருவார்கள், வருகிறவர்களோடு அவளும் வருவாள் என்று கணக்குப் போட்டார். மிளகு மறுபடி ஓடிவிடுமே என்று ஒரு நினைப்பு எழுந்தது, அதை உட்காரவைத்தார். மொட்டைமாடியில் ஏறிச் சரத்தைக் கட்டி வாசல்வரைக்கும் தொங்கவிட்டார். தெருவில் ஓர் ஆள் இல்லை. பார்க்கவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை, ஓரமாய்ப் போங்க என்று கத்தி விலக்கக்கூட ஆளில்லை. ஊரே அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போனதுபோல எல்லா வாசலும் துடைத்துக் கிடந்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி, ஊதி, கனியவைத்து, திரியைத் தேடிக் குனிந்தார்.

குனிந்தபோதுதான் அந்தச் செருப்புகளைப் பார்த்தார். ஊர் முழுக்க அவர் வாசலில்தான் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தது. படியில், படிக்குக் கீழே, சாக்கடைப் பாலத்தின்மேல், ரப்பர் செருப்பும் தோல் செருப்பும், பிள்ளைகளின் சின்னச் செருப்பும், அண்ணாச்சியின் அகலமான செருப்பும், அவர் காலடியில் சந்தனமாரியின் பச்சைவார் செருப்பும். சரத்தின் வால் நுனி அவற்றின் நடுவில்தான் சுருண்டு கிடந்தது.

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் ஒருவரும் செருப்போடு போவதில்லை. செருப்பு ஆணி ஒன்று உரசிப் பொறி பறந்தால் போதும். எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள், அதனால் ஒரு போர்மேன் எந்த அறையையும் கதவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, வாசலைப் பார்த்தால் போதும். செருப்புக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, செருப்பு இல்லையென்றால் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. இத்தனை வருஷமாகச் சாயங்காலம் சங்கு ஊதியதும் கனகவேல் அறை அறையாகப் போய் வெறும் வாசல்களைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். ஒரே ஒரு சாயங்காலம் மட்டும், எரிந்து முடிந்த அறை ஒன்றின் வாசலில், நீலவார் செருப்பு ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது. அதை அவர் வீட்டில் சொன்னதில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்த தீபாவளியில்தான் அவர் முதன்முதலாக அணுகுண்டைக் கையில் வைத்துப் பற்றவைத்தார்.

இப்போது ஊதுபத்தி பிடித்த கை ஆடியது. கை ஆடுகிறதே என்று மற்றக் கையால் பிடித்தார், அதுவும் சேர்ந்து ஆடியது. இத்தனை செருப்பும் வெளியே கிடக்கிறது, இத்தனை பேரும் உள்ளே இருக்கிறார்கள், தன் கையில் நெருப்பு இருக்கிறது. ஊதுபத்தியைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினார், அணைந்தபிறகும் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே நின்றார். பிறகு சரத்தை அவிழ்த்து இழுத்து, அத்தனையையும் அண்டாவில் திணித்து, மேலே குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினார். கொட்டியும் நடுக்கம் நிற்கவில்லை. வீட்டுக்குள் ஓடி, கட்டிலைப் பார்த்ததும் குனிந்தார், இந்தத் தடவை சுவர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. முழங்காலும் கையுமாகத் தவழ்ந்து போய்க்கொண்டே இருந்தார்.

உள்ளே அவரைப் பார்த்ததும் எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பால்காரர் பசுவை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார். அண்ணாச்சி முட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வா தம்பி, உக்காரு என்றார், அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை. கனகவேலின் கையில் கோழியோ குஞ்சோ ஒன்றும் இல்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள். பிராணி எதுவும் இல்லாமல், தன் பயத்துக்காக மட்டுமே உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான். சந்தனமாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க இப்படி நடுங்குறீக?"

"செருப்பெல்லாம் வாசல்ல கெடக்கு சந்தனம்" என்றார் அவர். "அத்தனை பேரு செருப்பும் கெடக்கு."

அவளும் ஆலையில் வேலை பார்த்தவள்தான். பழைய சேலையை விரித்து அவரை உட்காரவைத்து, பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். செல்லக்கனி டீ கொண்டுவந்து கொடுத்தாள், பாதி டீ அவர் வேட்டியில் சிந்திற்று.

தூரத்தில் முகத்தை முன்னங்கால்களுக்குள் புதைத்துக் கிடந்த மிளகு தலையைத் தூக்கியது. மருந்து வாடையை அது எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்தக் கையிலிருந்து வருஷம் பூராவும் வருகிற வாடை அது. அதை மோந்ததும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது. கனகவேல் அதைக் கூப்பிடவில்லை, கையும் நீட்டவில்லை. கூப்பிடுகிற நிலையில் அவரும் இல்லை, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. மிளகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, அந்த ஒற்றைக் காலைத் தூக்கியபடி, கோழிகளையும் பூனைகளையும் கவுன்சிலரின் முயலையும் தாண்டி நொண்டிக்கொண்டு வந்து, அவர் மடியில் ஏறி, உடம்பு முழுவதையும் அவர் வயிற்றோடு அழுத்திப் படுத்தது. தன்னைவிட மோசமாக நடுங்குகிற ஒரு பிராணி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது அதற்குத் தன் நடுக்கத்தைக் கவனிக்க நேரமில்லை. முகத்தைத் தூக்கி அவர் கையை ஒருதரம் நக்கிக்கொடுத்துவிட்டு, அவர் எழுந்து எங்கேயும் ஓடிவிடாதபடி காவலாகப் படுத்துக்கொண்டது.